ஈழத்து மின்வலுவும் கொள்ளைநோய்க் காலமும்: ஒரு வரலாற்று நோக்கு

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர்களின் வெற்றி தோல்விகளையும் ஆட்சி மாற்றங்களையும் விரித்துரைத்த அளவிற்கு, மக்களின் அடுப்புக்கு விறகும் விளக்குக்கு எண்ணெயும் எவ்வழியால் வந்து சேர்ந்தன என்பதை விரித்துரைத்தாரல்லர். பொருள் தவறாது வந்துகொண்டிருக்கும் வரையில் அது வரும் வழியைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. அது வாராதொழிந்த நாளிலேதான் அவ்வழி எத்துணை நீண்டது, எத்துணை நலிந்தது என்பது புலனாகின்றது. அண்மைக் காலத்திலே ஈழநாடு இவ்வுண்மையை மின்வலு வழங்கலின் வாயிலாகப் பெருந்துன்பத்தோடு அறிந்துகொண்டது.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆம் நாள் மாலை, கொரோனாக் கொள்ளைநோயின் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. விமான நிலையங்கள் மூடப்பட்டன, பாடசாலைகள் மூடப்பட்டன, சந்தைகள் வெறிச்சோடின. எனினும் வீடுகளில் விளக்குகள் எரிந்தன. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், நோயின் கடுமை தணிந்து, பாடசாலைகளும் தொழிற்சாலைகளும் திறக்கப்பட்டிருந்த 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31 ஆம் நாளன்று, 13 மணி நேர மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. நோய் வந்த ஆண்டில் அணையாத விளக்கு, நோய் தணிந்த ஆண்டில் அணைந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விடை 2020 ஆம் ஆண்டிலே தொடங்குவதன்று. நூறாண்டுகளுக்கு முன்னே சென்று அதனைத் தேடவேண்டும்.

வழங்கற் சங்கிலி என்பது யாது?

மின்வலுவுக்கு ஏனைய பண்டங்களுக்கு இல்லாத ஓரியல்பு உண்டு. நெல்லைக் கோற்காலத்தில் இட்டு வைக்கலாம். துணியைக் கடையில் அடுக்கி வைக்கலாம். மின்வலுவையோ பெருமளவிற் சேமித்து வைத்தல் எளிதன்று. நுகரப்படும் அந்தக் கணத்திலேயே அது உண்டாக்கப்படல் வேண்டும். ஆதலின், மின்வலுவைச் சேமிக்க விரும்பும் நாடு அதனை வேறோர் உருவிலே சேமித்து வைத்தது. மலையகத்து நீர்த்தேக்கத்தில் நிற்கும் நீரும், வலுநிலையத்து முற்றத்தில் குவிந்து கிடக்கும் நிலக்கரியும், தாங்கிகளில் நிறைந்திருக்கும் எண்ணெயும் உருமாறி நிற்கும் மின்வலுவேயாம்.

மேகம் முதலாகவோ, சுரங்கம் முதலாகவோ, எண்ணெய்க் கிணறு முதலாகவோ தொடங்கி வீட்டு விளக்கில் வந்து முடியும் இத்தொடரையே வழங்கற் சங்கிலி என்பர். கப்பல், துறைமுகம், சுத்திகரிப்பு நிலையம், மின்பிறப்பாக்கி, உயரழுத்தக் கம்பி, மின்மாற்றி என்பன அதன் கண்ணிகள். இவையெல்லாம் கண்ணுக்குப் புலனாவன. கண்ணுக்குப் புலனாகாத கண்ணி ஒன்றும் உண்டு. அது விலை கொடுக்கும் ஆற்றல். ஒரு கண்ணி அறுந்தவிடத்து மற்றொன்று பாரத்தைத் தாங்க, அறுந்ததைச் சீராக்கி மீண்டெழும் வல்லமையே தாங்குதிறன் எனப்படுவது. ஈழத்து மின்வலுவின் வரலாறு, ஒவ்வொரு காலத்திலும் நலிந்த கண்ணி ஒன்றை மாற்றப் புகுந்து வேறொரு கண்ணியின்மேற் பாரத்தை ஏற்றிய வரலாறாகும்.

1918: ஒரு நோயும் ஒரு கட்டுரையும்

ஈழத்தில் மின்னொளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே கொழும்பு நகரில் தோன்றியது. ஈழத்திலே நிலக்கரிச் சுரங்கமும் இல்லை. எண்ணெய்க் கிணறும் இல்லை. ஆகவே, அனலாற் பிறப்பிக்கப்படும் மின்வலுவுக்கு வேண்டிய எரிபொருள் யாவும் கப்பலேறியே வரவேண்டியிருந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்திற் கப்பற் போக்குவரத்து நலிவடைந்தது. போர் முடிவெய்திய 1918 ஆம் ஆண்டிலே இன்புளுவென்சா என்னும் கொள்ளைநோய் துறைமுகங்களின் வழியே புகுந்து, நாடெங்கும் பரவிப் பெருந்தொகையான மக்களைக் கொன்றது. பொருளைக் கொண்டுவந்த அதே கடல்வழி நோயையும் கொண்டுவந்தது.

அதே 1918 ஆம் ஆண்டில், பொறியியலாளராகிய டி. ஜே. விமலசுரேந்திர, இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். ஈழத்தின் மலையாறுகளிலிருந்து மின்வலுவைப் பெறுவதன் பொருளியல் நன்மைகளை அக்கட்டுரை ஆராய்ந்தது. 1874 ஆம் ஆண்டிற் பிறந்த அவர், களனி கங்கையின் தலையாறுகளில் வீழ்ந்து வீணாகும் நீரைக்கொண்டு நாட்டுக்கு ஒளியூட்டலாம் என எண்ணினார். அக்கட்டுரைக்கும் நோய்க்கும் நேர்த்தொடர்பு இருந்ததெனக் கூறுதல் பொருந்தாது. எனினும் கடலை நம்பி வாழ்தலின் இடர் வெளிப்பட்டு நின்ற ஆண்டிலே, நாட்டின் உள்ளேயே கிடைக்கும் வலுவைப் பற்றிய எண்ணம் முறையாக எடுத்துரைக்கப்பட்டமை ஈண்டு நினைவுகூரற்பாலது.

எண்ணம் செயலாவதற்கு நெடுங்காலம் சென்றது. 1924 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இலக்சபானைத் திட்டம் 1927 ஆம் ஆண்டில் இடைநிறுத்தப்பட்டது. 1931 ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்குத் தெரிவுசெய்யப்பட்ட விமலசுரேந்திர, சபையினுள்ளும் அதற்காக வாதாடினார். ஈற்றில் 1950 ஆம் ஆண்டின் இறுதியிலேயே இலக்சபானையில் 25 மெகாவாற்று வலுவுடைய நிலையம் இயங்கத் தொடங்கியது. கட்டுரை பிறந்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. 1953 ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார் தம் எண்ணம் ஒளியானதைக் கண்டே மறைந்தார்.

நீரின் காலமும் வானத்தின் சோதனையும்

இலக்சபானைக்குப் பின் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் ஈழத்தின் மின்வலு பெரும்பாலும் நீரின் வலுவாகவே விளங்கியது. 1969 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலங்கை மின்சாரசபை நிறுவப்பட்டது. மகாவலி கங்கைத் திட்டத்தின்கீழ் 1985 ஆம் ஆண்டில் 210 மெகாவாற்று வலுவுடைய விக்ரோறியா நிலையமும், அதனைச் சூழ்ந்த ஆண்டுகளிற் கொத்மலை, ரந்தெனிகலை என்பனவும் எழுந்தன. இக்காலத்துச் சங்கிலி மிகக் குறுகியது. மழை பெய்யும், நீர் நிற்கும், சுழலி சுழலும். கப்பலுக்காகக் காத்திருத்தல் இல்லை. எரிபொருளுக்காக அந்நிய நாணயம் தேடுதலும் இல்லை.

ஆயினும் குறுகிய சங்கிலியும் ஒரே கண்ணியை நம்பி நின்றது. அக்கண்ணி வானம். 1996 ஆம் ஆண்டிலே மழை பொய்த்தது. நீர்த்தேக்கங்கள் வற்றின; நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நேர்ந்தது. கடலை நம்புதலின் இடருக்கு மாற்றாக வந்த நீர்வலு, மழையை நம்புதலின் இடரை உடன் கொண்டுவந்திருந்தமை அப்பொழுது விளங்கியது. நீரோடு வேறு வலுவும் வேண்டுமென்ற முடிபு தவறானதன்று. ஆனால் அம்முடிபு நாட்டை மீண்டும் கடலின் கரைக்கே இட்டுச் சென்றது.

அறுந்த சங்கிலியின் கடைசிக் கண்ணி

தெற்கிலே அணைகளும் அனல்நிலையங்களும் பற்றிய ஆராய்ச்சிகள் நடைபெற்ற காலத்தில், யாழ்ப்பாணக் குடாநாடு சங்கிலிக்கே புறம்பாக நின்றது என்பதையும் வரலாறு குறித்தல் வேண்டும். 1990 ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின், தேசிய மின்வலையமைப்பிலிருந்து குடாநாடு துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் பொருளாதாரத் தடையால் அரிதாயிற்று. கண்ணாடிப் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு ஏற்றிய ஜாம்போத்தல் விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை மாணவர் பாடங் கற்றனர். போர் முடிந்த பின்னரே உயரழுத்தக் கம்பி வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், 2013 ஆம் ஆண்டளவிற் சுன்னாகத்துக்கும் வந்தது. அவ்வாண்டிலேயே சுன்னாகத்தில் 24 மெகாவாற்று வலுவுடைய நிலையமும் திறக்கப்பட்டது.

அங்கே சங்கிலியை அறுத்தது நோயன்று, போர். ஆயினும் அது கற்பித்த பாடம் எக்காலத்துக்கும் உரியது. சங்கிலி எவ்விடத்தில் அறுந்தாலும் அதன் துன்பம் கடைசிக் கண்ணியாகிய குடிசையிலே சென்று தங்கும். தாங்குதிறன் பற்றிய ஆராய்ச்சி பொறியியலாளர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதுவே காரணம்.

மீண்டும் கடலை நோக்கி

நீருக்குத் துணையாக வந்தவை எண்ணெயும் நிலக்கரியும். 1969 ஆம் ஆண்டிலே சப்புகஸ்கந்தையில் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. அதன் அயலிலே 1984 ஆம் ஆண்டில் எழுந்த வலுநிலையம், சுத்திகரிப்பில் எஞ்சும் கனத்த எண்ணெயை எரித்து மின்வலுவைத் தந்தது. பின்னர்க் களனிதிசையில் அமைந்த இணைசுற்று நிலையத்துக்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் நப்தா எரிபொருளாயிற்று. இவ்வேற்பாடு சிக்கனமானது, கழிவு எனக் கருதத்தக்கது வலுவாக மாறிற்று. ஆயினும் மசகெண்ணெய்க் கப்பல் ஒன்று வாராதொழியின், சுத்திகரிப்பு நிலையத்தோடு அதனை அண்டி நின்ற வலுநிலையங்களும் நலியும் நிலை அதனால் உண்டாயிற்று.

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையிலே சீனக் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட நிலக்கரி நிலையம் 2011 ஆம் ஆண்டில் முதற்பகுதியோடும் 2014 ஆம் ஆண்டில் ஏனை இரு பகுதிகளோடும் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியும் 300 மெகாவாற்று, மொத்தம் 900. 2020 ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்வலுவில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டதை இவ்வொரு நிலையமே வழங்கியது. அதன் சங்கிலியில் இயற்கை இட்ட முடிச்சு ஒன்று உண்டு. நிலக்கரிக் கப்பல்கள் கரையை அணுகமாட்டாமல் ஆழ்கடலில் நிற்க, தட்டைப் படகுகளிலே நிலக்கரி இறங்குதுறைக்குக் கொண்டுவரப்படல் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிப்பதால் இப்பணி இயலாது. ஆதலின், ஏறத்தாழ ஒக்டோபர் முதல் ஏப்பிரில் வரையான அமைதிக் காலத்திலேயே ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நிலக்கரியை இறக்கிக் குவித்துவிடல் வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60,000 தொன் ஏற்றிய முப்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் அம்மாதங்களுக்குள் வந்து சேரவேண்டும். பருவம் தவறினாற் பயிர் தவறுவது போல, பருவம் தவறினால் நிலக்கரியும் தவறும்.

2020: அணையாத விளக்கு

இந்நிலையிலேதான் கொள்ளைநோய் வந்தது. 2020 ஆம் ஆண்டில் விளக்கு அணையாமைக்குக் காரணங்கள் பல. தொழிற்சாலைகளும் விடுதிகளும் மூடப்பட்டமையால் மின்வலுவின் தேவை குறைந்தது. நிலக்கரி இறக்கும் பருவத்தின் பெரும்பகுதி ஊரடங்குக்கு முன்னரே கழிந்திருந்தது. உலகெங்கும் போக்குவரத்து ஓய்ந்தமையால் எண்ணெய் விலை வீழ்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏனையோர் வீட்டினுள் இருந்தபோது வலுநிலையங்களிலும் மின்கம்பிகளிலும் பணிபுரிந்தோர் தம் பணியை விட்டகன்றாரல்லர்.

பிற நாடுகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே மின்வலையமைப்பை இயக்குவோர் முப்பதுக்கு மேற்பட்டோர், நோய் அணுகாதிருக்கும் பொருட்டுத் தம் குடும்பங்களைப் பிரிந்து பணியிடத்திலேயே பல வாரங்கள் தங்கினர். இந்தியாவிலே 2020 ஏப்பிரில் 5 ஆம் நாள் இரவு 9 மணிக்கு, ஒற்றுமையின் அடையாளமாக மக்கள் ஒன்பது நிமிடம் மின்விளக்கை அணைத்தபோது, தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாற்று குறைந்து உடனே மீண்டும் உயர்ந்தது. எதிர்பார்த்ததிலும் இருமடங்குக்கு மேற்பட்ட இவ்வீழ்ச்சியை நீர்வலு நிலையங்களின் விரைந்த இயக்கத்தால் இயக்குவோர் தாங்கிக்கொண்டனர். பயின்ற மனிதரும் சங்கிலியின் ஒரு கண்ணி என்பதற்கு இவை சான்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 17 ஆம் நாளன்று ஈழமெங்கும் ஏறத்தாழ ஏழு மணி நேரம் மின்வலு தடைப்பட்டது. அது கெரவலப்பிட்டி உபநிலையத்தில் திருத்தப்பணியின்போது நேர்ந்த தவறாற் பிறந்தது, நோயால் அன்று. ஆயினும் நுரைச்சோலை நிலையத்தை மீண்டும் இயக்கச் சில நாட்கள் சென்றமையால், அந்நாட்களில் முறைவைத்து மின்வெட்டு அமுலாயிற்று. ஒரே நிலையத்தின்மேற் பெரும்பாரத்தை ஏற்றி வைத்தலின் இடர் அன்றே வெளிப்பட்டது.

புலனாகாத காயங்கள்

விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே சங்கிலியின் புலனாகாத கண்ணி தேய்ந்துகொண்டிருந்தது. ஊரடங்கின்போது மானி வாசிப்போர் வீடுதோறும் செல்ல இயலவில்லை. பட்டியல்கள் குவிந்தன, கட்டணங்கள் நிலுவையாயின. மின்சாரசபை எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்குக் கொடுக்கவேண்டிய கடன் வளர்ந்தது. கூட்டுத்தாபனம் வங்கிகளுக்குக் கொடுக்கவேண்டிய கடனும் வளர்ந்தது.

இதனினும் பெரிய காயம் அந்நியச் செலாவணியில் நேர்ந்தது. 2018 ஆம் ஆண்டில் உல்லாசப் பயணிகளால் நாடு ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 438 கோடி டொலர். அது 2020 ஆம் ஆண்டில் 68 கோடியாகவும், 2021 ஆம் ஆண்டில் 51 கோடியாகவும் வீழ்ந்தது. வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பிய பணம் 2020 ஆம் ஆண்டில் 710 கோடி டொலராக நிலைத்து நின்றபோதிலும், 2021 ஆம் ஆண்டில் 549 கோடியாகக் குறைந்தது. 2019 ஆம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 760 கோடி டொலராக இருந்த நாட்டின் சேமிப்பு, 2021 ஆம் ஆண்டின் இறுதியில் 310 கோடிக்கு இறங்கியது. இவ்வீழ்ச்சி முழுவதையும் நோயின் தலையிற் சுமத்துதல் வரலாற்று நேர்மையாகாது. நெடுங்காலமாகப் பெருகிய வெளிநாட்டுக் கடனும், 2019 ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், அவ்வாண்டின் இறுதியிற் செய்யப்பட்ட வரிக்குறைப்பும் நாட்டை முன்னரே நலிவித்திருந்தன. நலிந்த உடலின்மேல் நோய் வந்து வீழ்ந்தது.

இக்காலத்தில் ஒரு வாய்ப்பும் வந்து கழிந்தது. 2020 ஏப்பிரில் மாதத்தில் உலகில் எண்ணெய் வைக்க இடமின்மையால் விலை மிகத் தாழ்ந்தது. 20 ஆம் நாளன்று அமெரிக்கச் சந்தையில் ஒப்பந்த விலை பூச்சியத்துக்குக் கீழே சென்றது. திருகோணமலையிலோ, இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குரிய 99 பெருந்தாங்கிகள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகப் பயன்படாது காடு மூடிக் கிடந்தன. உலகம் இடம் தேடிய நாளில், ஈழத்தில் இடம் இருந்தும் பயன்படும் நிலையில் இருக்கவில்லை. அத்தாங்கிகளைப் பற்றிய உடன்படிக்கை 2022 சனவரியிலேயே கைச்சாத்தானது. அதன்படி 61 தாங்கிகள் கூட்டுக் கம்பனி ஒன்றுக்கும், 24 எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும் உரியவாயின. அதற்குள் மலிவு விலை மறைந்துவிட்டது.

2022: அணைந்த விளக்கு

2021 ஆம் ஆண்டில் உலகத் தொழில்கள் மீண்டெழுந்தபோது எரிபொருள் விலையும் உடன் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதியில் மசகெண்ணெய் இன்மையாற் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டது. முன்னர்க் கூறிய ஏற்பாட்டின் மறுபக்கம் அப்பொழுது வெளிப்பட்டது. கனத்த எண்ணெயும் நப்தாவும் அருகின. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நீர்த்தேக்கங்களின் நீர்மட்டமும் தாழ்ந்தது. பெப்ரவரியில் உக்கிரெயினிற் போர் மூள, எண்ணெய் விலை பீப்பாய் ஒன்றுக்கு 100 டொலரைக் கடந்தது.

அம்மாதங்களில் எரிபொருள் ஏற்றிய கப்பல்கள் கொழும்புக்கு அப்பாற் கடலிலே நங்கூரமிட்டு நின்றன. கப்பல் வந்திருந்தது, எண்ணெயும் வந்திருந்தது, துறைமுகமும் திறந்தே இருந்தது. கொடுப்பதற்கு டொலர் இல்லாமையால் எண்ணெய் இறக்கப்படவில்லை. சுரங்கத்திலிருந்து துறைமுகம் வரையுள்ள கண்ணிகளெல்லாம் உறுதியாயிருந்தும், புலனாகாத அந்த ஒரு கண்ணி அறுந்தமையாற் சங்கிலி முழுவதும் பயனற்றுப் போயிற்று. நீரும் எண்ணெயும் ஒருங்கே குறைந்தபோது, மார்ச்சு தொடக்கத்தில் ஏழரை மணி நேரமாக இருந்த மின்வெட்டு அம்மாத இறுதியில் 13 மணி நேரமாயிற்று. இந்தியா எரிபொருளுக்கென வழங்கிய 50 கோடி டொலர்க் கடனுதவி ஓரளவு மூச்சுவிட இடந்தந்தது. ஏப்பிரில் 12 ஆம் நாளன்று வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நாடு இடைநிறுத்தியது.

அக்காலத்திற் காகிதமும் அதே டொலரை நம்பியே இருந்தது. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் காகிதமின்மையாற் பிற்போடப்பட்டன. படிக்க ஒளியும் இல்லை. எழுதத் தாளும் இல்லை என்ற நிலை, போர்க்காலத்தில் வடக்கு அறிந்த நிலை, நாடு முழுவதற்கும் வந்தது.

நோயின் கடன் காலந்தாழ்த்தி அறவிடப்படுதல் ஈழத்துக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு தேசத்தில் மின்வலுவின் பெரும்பகுதி அணுவலு நிலையங்களிலிருந்து பெறப்படுவது. 2020 ஆம் ஆண்டின் முடக்கத்தால் அந்நிலையங்களின் பராமரிப்பு ஒழுங்குகள் குலைந்து பின்தள்ளப்பட்டன. 2021 ஆம் ஆண்டின் இறுதியிற் சில நிலையங்களின் குழாய்களில் அரிப்பு வெடிப்புகள் காணப்பட்டன. இரண்டும் ஒன்றுசேர, 2022 ஆம் ஆண்டில் அந்நாட்டின் அணுமின் உற்பத்தி 279 தெராவாற்று மணியாகக் குறைந்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வளவு தாழ்ந்ததில்லை. செல்வம் மிக்க நாடாதலின், பிரான்சு அயல்நாடுகளிலிருந்து மின்வலுவை விலைக்கு வாங்கித் தப்பியது. தீவாகிய ஈழத்துக்கு மின்வலு கடன் கொடுக்கும் அயலவர் எவரோடும் கம்பித் தொடர்பு இருக்கவில்லை. வாங்கப் பணமும் இருக்கவில்லை.

வரலாறு காட்டும் வழி

முற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, பல்வகை வலுக்களை ஒருங்கே வைத்திருத்தல் மட்டும் போதாது. அவை ஒரே காலத்தில் ஒரே காரணத்தால் நலியாதவையாக இருத்தல் வேண்டும். எண்ணெயும் நிலக்கரியும் பெயரால் இரண்டாயினும், கப்பலையும் டொலரையும் நம்புதலால் ஒன்றே. மன்னாரிலே 30 காற்றாலைகளோடு அமைந்த 103.5 மெகாவாற்று வலுவுடைய தம்பபவனி நிலையம், கொள்ளைநோயின் நடுவே 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. மன்னார்க் கரையில் சோளகக் காற்று மிக்கு வீசும் மாதங்கள், நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்க இயலாத அதே மாதங்களாம். ஒரு கண்ணிக்கு எமனாகும் காற்று மற்றொரு கண்ணிக்கு உயிராகின்றது. தாங்குதிறன் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இரண்டாவது, சேமிப்பு. நீர்த்தேக்கம், நிலக்கரி முற்றம், எண்ணெய்த் தாங்கி, மாற்றுறுப்புக் களஞ்சியம் என்பன வளமான காலத்தில் வீண்செலவு போலத் தோன்றும். வறண்ட காலத்தில் அவற்றின் விலையை அளத்தல் அரிது. திருகோணமலைத் தாங்கிகளின் கதை இதற்குச் சான்று.

மூன்றாவது, விலை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளாக உயர்த்தப்படாதிருந்த மின்கட்டணம், 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 30 அலகுக்கு மேற்படாது நுகரும் வீடுகளின் மாதாந்த நிலைக்கட்டணம் 30 ரூபாவிலிருந்து 120 ரூபாவாகவும், பின்னர் 400 ரூபாவாகவும் ஏறியது. செலவுக்குக் குறைந்த விலையில் நெடுங்காலம் மின்வலு வழங்குதல் ஏழைகளுக்குச் செய்யும் உதவி எனக் கருதப்பட்டது. ஈற்றில் அதன் கடனை ஒரேயடியாகச் சுமந்தோருள் ஏழைகளே முன்னின்றனர். ஆண்டுதோறும் சிறுகச் சிறுகத் திருத்தி, வறியோருக்கு வேண்டிய உதவியை வெளிப்படையாக வழங்குதலே அறமும் அறிவுமாகும்.

நான்காவது, ஒவ்வொரு மருந்தும் தனக்குரிய நோயை உடன் கொணரும் என்பது. 2016 ஆம் ஆண்டுக்குப் பின் கூரைச் சூரியவலு விரைந்து பெருகியது. அதற்குக் கப்பலும் வேண்டாம், எரிபொருட் செலவும் இல்லை. ஆனால் 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமையன்று, பாணந்துறை உபநிலையத்திற் குரங்கு ஒன்றால் நேர்ந்த தடையை மின்வலையமைப்பு தாங்கமாட்டாது நாடெங்கும் இருள் சூழ்ந்தது. சூரியவலு மிகுந்து, கனத்த சுழலிகள் குறைவாகச் சுழன்றமையால் அதிர்ச்சியைத் தாங்கும் உறுதி குறைந்திருந்தது. ஆகவே சூரியனை நம்புவோர் மின்கலங்களையும் நீரை மேலேற்றித் தேக்கும் திட்டங்களையும் உடன் எண்ணல் வேண்டும். மழையை மட்டும் நம்பிய காலத்தின் தவற்றை வெயிலை மட்டும் நம்பித் திரும்பச் செய்தல் ஆகாது.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். 2020 ஆம் ஆண்டில் எரிந்த விளக்கு, முன்னரே வாங்கிக் குவித்த நிலக்கரியாலும், குறைந்த தேவையாலும், மலிந்த எண்ணெயாலும், உழைத்த மனிதராலும் எரிந்தது. அஃது எரிந்துகொண்டிருந்தமையே, அடியிலே எண்ணெய் வற்றுவதை மறைத்தது. கொள்ளைநோய் மின்பிறப்பாக்கியை நிறுத்தவில்லை. நாட்டின் பணப்பையை வறிதாக்கி, இரண்டாண்டு கழித்து அதன் வழியாக விளக்கை அணைத்தது. சங்கிலியைச் சோதிப்போர் கண்ணுக்குப் புலனாகும் கண்ணிகளை மட்டும் சோதித்து அமைதியடைதல் ஆகாது என்பதே இதன் பாடம்.

1918 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை ஒளியாவதற்கு 32 ஆண்டுகள் சென்றன. அடுத்த கொள்ளைநோய் அத்துணைக் காலம் காத்திருக்கும் என எண்ணுதற்கு இடமில்லை. நோய் வந்தபின் அணை கட்டுதல் இயலாது. தாங்கி திருத்துதல் இயலாது. பொறியியலாளரைப் பயிற்றுதலும் இயலாது. இவையெல்லாம் விளக்குகள் நன்கு எரிகின்ற காலத்திலே, எவரும் அவற்றை வேண்டிக் கூக்குரலிடாத காலத்திலே செய்யப்படவேண்டியவை.